நத்தார் மரம்: வாங்குவதும் வளர்த்த மண்ணுக்கே கொடுப்பதும்

தோட்டம் – வாசகர் கேள்வி பதில்

கோடை முழுக்க பாகல் ஏன் காய்க்கவில்லை, கறிவேப்பிலை ஏன் இலை கொட்டுகிறது என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் கார்த்திகை பிறந்ததும் நத்தார் (கிறிஸ்மஸ்) மரத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். கனடாவில், ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் ஒரு தோட்டக் கடையில்தான் எனக்கு வேலை. கார்த்திகைக் கடைசியிலிருந்து நத்தாருக்கு முதல் நாள் வரை கடை முற்றத்தில் மரங்களுக்கு நடுவில்தான் நிற்பேன். அதனால் இந்த மார்கழி இதழை முழுதாக உங்கள் மரக் கேள்விகளுக்கே ஒதுக்கிவிட்டேன்.

அன்ரி, இவ்வளவு காலமும் பிளாஸ்ரிக் மரம்தான். இந்த முறை முதல் தடவையாக உண்மையான மரம் வாங்கப்போகிறோம். கடையில் நாலைந்து இனம் நிற்கிறது, எல்லாம் ஒரே பச்சையாகத் தெரிகிறது. எதை வாங்குவது? புதிதாக வெட்டியது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, ஏஜாக்ஸ்

கடைக்கு வெளிக்கிட முதல் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. மரம் நிற்கப்போகும் மூலையில், தரையிலிருந்து கூரை வரை ரேப்பால் அளந்து, அதில் ஓர் அடியைக் கழித்துவிடுங்கள். அடியில் மரத்தை நிறுத்தித் தண்ணீர் ஊற்றும் ஸ்ராண்ட் வரும், உச்சியில் நட்சத்திரம் வரும், அதற்குத்தான் அந்த ஓர் அடி. குறுக்களவையும் எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த வெளியில் நிற்கும் மரம் எப்போதும் சின்னதாகத்தான் தெரியும். வீட்டுக்குள் கொண்டுவந்து வலையை அவிழ்த்த பிறகுதான் சோபாவை எங்கே தள்ளுவது என்று யோசிக்கவேண்டி வரும்.

இனத்தைக் கண்டுபிடிக்க ஓர் ஊசி இலையைப் பிடுங்கி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். தட்டையாக இருந்து உருள மறுத்தால் அது ஃபேர். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள் ஓடும். சதுரமாக இருந்து விரலுக்குள் சுகமாக உருண்டு, நுனி சுருக்கென்று குத்தினால் அது ஸ்புறூஸ். ஊசிகள் தனித்தனியாக இல்லாமல் இரண்டாகவோ ஐந்தாகவோ ஒரே அடியில் சேர்ந்து முளைத்திருந்தால் அது பைன். இந்த மூன்றையும் பிரிக்கத் தெரிந்தால் கடையில் யாரையும் கேட்கத் தேவையில்லை.

முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு நான் எடுத்துக் கொடுப்பது பல்சம் ஃபேர் அல்லது ஃபிறேசர் ஃபேர். பல்சம் இந்த நாட்டின் கிழக்குப் பக்கத்து மரம், நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் சின்னமும் அதுதான். நத்தார் மணம் என்று எல்லோரும் சொல்லும் அந்த மணம் பெரும்பாலும் இந்த மரத்தினுடையது. கதவைத் திறக்கும்போதே மூக்கில் ஏறும். ஃபிறேசர் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலை உச்சிகளைச் சேர்ந்தது. அதன் கிளை உறுதியானது, கனமான அலங்காரத்தைத் தொங்கவிட்டாலும் வளையாது. ஊசியும் நெடுநாள் நிற்கும். வீட்டில் மணம் வேண்டுமென்றால் பல்சம், பொருட்கள் நிறையத் தொங்கவிடுவதென்றால் ஃபிறேசர். ஸ்புறூஸ் பார்க்க வடிவானதுதான். ஆனால் சூடான வீட்டுக்குள் முதலில் கொட்டத் தொடங்குவது அதுதான். வைற் ஸ்புறூஸின் ஊசியைக் கசக்கி மணந்து பார்த்தால் நான் ஏன் அதைச் சிபாரிசு செய்வதில்லை என்று உங்களுக்கே விளங்கும்.

புதிதா என்று பார்க்க, ஒரு கிளையை உள்பக்கமாக மெதுவாகப் பிடித்து நுனி வரை கையை இழுத்துக்கொண்டு வாருங்கள். ஒன்றிரண்டு ஊசி வந்தால் பரவாயில்லை. கை நிறைய வந்தால் அடுத்த மரத்துக்குப் போங்கள். பிறகு மரத்தை அரையடி தூக்கி, அடி நிலத்தில் படும்படி ஒரு தட்டுத் தட்டுங்கள். தண்டை ஒட்டி உள்ளே இருக்கும் மண்ணிறப் பழைய ஊசிகள் கொட்டும். அது எல்லா மரத்திலும் நடப்பது, பயப்படாதீர்கள். வெளிப்பக்கத்துப் பச்சை ஊசி மழைபோலக் கொட்டினால்தான் அது வெட்டி நெடுநாளான மரம். ஸ்கொட்ஸ் பைனில் மட்டும் இந்தச் சோதனையை நம்பாதீர்கள். அது காய்ந்த பிறகும் ஊசியை விடாது. அதற்கு ஊசியை வளைத்துப் பார்க்கவேண்டும். முறியாமல் வளைந்தால் ஈரம் இருக்கிறது.

வலை சுற்றிய மரத்தை அப்படியே வாங்க வேண்டாம். அவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. பார்த்து முடிந்ததும் அவர்களே திரும்பச் சுற்றித் தருவார்கள். காருக்கு மேல் கட்டும்போது வெட்டிய அடி முன்பக்கம் பார்த்து இருக்கட்டும். நெடுஞ்சாலைக் காற்று ஊசிகளைத் தடவிக்கொண்டு போகும், எதிர்த்துக் கிழிக்காது.

அம்மம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. நத்தார் என்றாலே ஊரில் சவுக்கங் கிளை வெட்டிவந்து மண் வாளியில் நட்டதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பா. இங்கே சவுக்கு கிடைக்குமா?
– ஒரு பேத்தி, மார்க்கம்

சவுக்கு இந்தக் குளிரில் உயிர்வாழாது பிள்ளை. ஆனால் உங்கள் அம்மம்மாவின் ஆசைக்கு மிகக் கிட்டிய ஒரு மரம் ஒன்ராறியோவிலேயே இருக்கிறது: வைற் பைன். 1984இல் இந்த மாகாணத்தின் மரமாக அறிவிக்கப்பட்டதும் அதுதான்.

சவுக்கில் நாம் இலை என்று நினைப்பது உண்மையில் இலை அல்ல. அது பச்சை நிற மெல்லிய கிளை, கணுக்கணுவாக இருக்கும். சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் சவுக்கு நிற்கும் காரைநகர் கசோரினா கடற்கரைக்குப் போனவர்கள் அதைக் கணுவில் கழற்றித் திரும்பப் பொருத்தி, எந்த இடத்தில் கழன்றது என்று கண்டுபிடிக்கச் சொல்லி விளையாடியிருப்பார்கள். மற்ற நத்தார் மரங்கள் எல்லாம் விறைத்துக்கொண்டு நிற்க, வைற் பைன் மட்டும்தான் சவுக்குப்போலத் தொய்ந்து, மெத்தென்று, காற்றுக்கு ஆடும் மரம். ஐந்தைந்து ஊசியாக முளைக்கும். ஒவ்வொன்றும் விரல் நீளம் வரும், கொஞ்சம் நீலம் கலந்த பச்சை. அம்மம்மாவின் கையில் ஒரு கொத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

மணம் குறைவு. கிளைகளும் மெல்லியவை, அதனால் கண்ணாடிக் குண்டுகளைத் தொங்கவிடாதீர்கள். கடதாசி நட்சத்திரம், பஞ்சு, சின்ன லைற் போதும். அம்மம்மாவின் காலத்தில் சவுக்கங் கிளையிலும் அவ்வளவுதானே இருந்தது. எல்லாக் கடையிலும் வைற் பைன் வராது. நாமே போய் வெட்டும் பண்ணைகளில் கேட்டுப் பாருங்கள். முடிந்தால் அவவையும் கூட்டிக்கொண்டு போங்கள், வாளை யார் பிடித்தாலும் மரத்தை அவ காட்டட்டும்.

போன வருடம் நல்ல விலை கொடுத்து வாங்கிய மரம் ஒரு கிழமையில் காய்ந்து போய்விட்டது. தண்ணீரில் சீனி போட்டோம், ஆஸ்பிரின் போட்டோம், யாரோ சொல்லி செவன்அப்கூட ஊற்றினோம். எங்கே பிழைத்தது?
– ஒரு குடும்பஸ்தர், மிசிசாகா

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லப்போகிறேன். மரத்தின் விதி முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

வெட்டிய மரத்துக்கு வேர் இல்லை என்றாலும் அது தண்ணீர் குடிப்பதை நிறுத்துவதில்லை. ஊசிகள் ஈரத்தைக் காற்றுக்கு விட்டுக்கொண்டே இருக்கும், அந்த இழுவையில் தண்டு வழியாகத் தண்ணீர் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். அது ஏறுவது பட்டைக்குக் கீழே இருக்கும் வெளி வளையங்கள் வழியாக. அதனால் ஸ்ராண்டுக்குள் அடி நுழையவில்லை என்று பட்டையைச் செதுக்கினால் தண்ணீர் போகும் வழியையே செதுக்கி எறிகிறீர்கள். ஸ்ராண்ட் சின்னது என்றால் பெரிய ஸ்ராண்ட் வாங்குங்கள். மரத்தைச் செதுக்காதீர்கள்.

மரம் பண்ணையில் வெட்டப்பட்டு உங்கள் கைக்கு வர எத்தனையோ நாள் ஆகியிருக்கும். அதற்குள் வெட்டிய முகத்தில் பிசின் படிந்து காய்ந்திருக்கும். தொட்டால் வார்னிஷ் பூசினமாதிரி வழுக்கும். அந்த முகத்தோடு மரத்தை வாளித் தண்ணீரில் வைத்தாலும் ஒரு துளி ஏறாது. ஆகவே கடையில் பணம் கொடுத்ததும் முதலில் கேட்கவேண்டியது: அடியில் ஒரு துண்டு அறுத்துத் தாருங்கள். ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் போதும். நேராக அறுக்கவேண்டும், பூவின் தண்டைப்போலச் சரித்து அல்ல. சரித்தால் மரம் ஸ்ராண்டில் ஒழுங்காக நிற்காது, தண்ணீரும் கூடுதலாக ஏறாது. அடியில் துளை போடுவதிலும் பயனில்லை. எங்கள் கடையில் அறுத்த அந்த வட்டத் துண்டைக் கூட வந்த பிள்ளையிடம் கொடுத்துவிடுவோம். வளையங்களை எண்ணச் சொன்னால், தன்னைவிட மரத்துக்கு வயது கூட என்று கண்டுபிடித்துக் கத்தும். ஆறேழு அடி வளர ஒரு பல்சத்துக்கு எட்டு முதல் பத்து வருடம் வேண்டும்.

அறுத்த முகம் ஆறேழு மணித்தியாலத்துக்குள் தண்ணீரைத் தொடவேண்டும், இல்லாவிட்டால் திரும்பப் பிசின் மூடிவிடும். அன்றைக்கே உள்ளே வைக்க வசதியில்லை என்றால் கராஜில் ஒரு வாளி தண்ணீரில் நிறுத்துங்கள். வெளியில் கடும் உறைபனி என்றால் ஒரு இரவு கராஜில் நின்று பழகிய பிறகு உள்ளே வருவது மரத்துக்கும் நல்லது.

முதல் நாள்தான் அதிகம் குடிக்கும். இரவு ஸ்ராண்டை நிரப்பிவிட்டுப் படுத்தால் காலையில் வெறும் பாத்திரம் இருக்கும். ஒழுகுகிறதோ என்று காபெற்றைத் தடவிப் பார்க்கிறவர்களும் உண்டு. ஒழுகவில்லை, குடித்துவிட்டது. தண்டின் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாலங்குலத் தண்டென்றால் நாலு லீற்றர் பிடிக்கும் ஸ்ராண்ட் வேண்டும். பிறகு கொஞ்சம் குறையும். ஆனால் ஒரு நாளும் தண்ணீர் மட்டம் வெட்டிய முகத்துக்குக் கீழே இறங்க விடக்கூடாது. ஒருமுறை முகம் காய்ந்தால் பிசின் மூடும், பிறகு ஊற்றும் தண்ணீர் சும்மா நிற்கும். உங்கள் வீட்டில் போன வருடம் நடந்தது இதில் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும்: அடி அறுக்காமல் வைத்திருப்பீர்கள், அல்லது ஒரு நாள் மறந்திருப்பீர்கள்.

சீனி, ஆஸ்பிரின், செவன்அப், கடையில் விற்கும் போத்தல் மருந்து எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீர் போதும். சூடாகவோ குளிராகவோ இருந்தாலும் வித்தியாசமில்லை.

அடுத்தது, தரையில் இருக்கும் ஹீற்றிங் வென்ற். நம்முடைய வீடுகளில் அது பெரும்பாலும் யன்னலுக்குக் கீழேதான் இருக்கும், மரத்தையும் தெருவுக்குத் தெரியவேண்டும் என்று யன்னலோரம்தான் வைப்போம். அப்படி வைத்தால் இரவு பகலாகச் சுடுகாற்று மரத்தின் அடிக்கிளையில் அடித்துக்கொண்டிருக்கும். வென்றை மூடிவிடுங்கள், அல்லது மரத்தை மற்ற மூலைக்குக் கொண்டுபோங்கள். நெருப்படுப்புக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. எல்ஈடி லைற் மட்டும் போடுங்கள், படுக்கப் போகும்போது அணைத்துவிடுங்கள். தண்ணீர் குடிக்கும் மரம் இலகுவில் தீப்பிடிக்காது. காய்ந்த மரம் பற்றினால் சில விநாடிகளில் உச்சி வரை போய்விடும், அணைக்க அவகாசமே தராது. கையை இழுத்தால் ஊசி கொட்டுகிறது, தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிட்டது என்றால் நத்தாருக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தாலும் வெளியில் எடுத்துவிடுங்கள். இதில் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை.

ஒரு பண்டிகைக்காக உயிருள்ள மரத்தை வெட்டுவது பாவமில்லையா? பிளாஸ்ரிக் மரம் சூழலுக்கு நல்லதில்லையா?
– ஒரு மாணவி, பிரம்ரன்

உங்கள் மனம் விளங்குகிறது மகள். ஆனால் இது காட்டில் போய் வெட்டிய மரம் அல்ல. கியூபெக், நோவா ஸ்கோஷியா, ஒன்ராறியோப் பண்ணைகளில், நெல்லும் வெங்காயமும்போல, வெட்டுவதற்கென்றே நட்டு வளர்த்த பயிர். ஒன்றை வெட்டினால் இன்னொன்றை நடுகிறார்கள். நிலம் பச்சையாகவே இருக்கிறது, பறவை கூடு கட்டுகிறது. ஒவ்வொரு கோடையிலும் ஒருவர் வரிசை வரிசையாக நடந்து, நீளக் கத்தியால் கிளையைச் சீவித்தான் அந்தக் கூம்பு வடிவம் வருகிறது. மெக்சிக்கோவிலிருந்தும் கரிபியன் நாடுகளிலிருந்தும் குடும்பத்தை விட்டுவந்த பருவகாலத் தொழிலாளர்கள் பலர் அந்த வேலையைச் செய்கிறார்கள். மரத்தைப் பார்க்கும்போது எனக்கு அவர்களுடைய ஞாபகமும் வரும்.

மொன்றியலில் எலிப்சோஸ் என்ற நிறுவனம் 2009இல் இரண்டு மரங்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு செய்தது. செயற்கை மரத்தை ஏறத்தாழ 20 வருடம் பாவித்தால்தான் அது உண்மையான மரத்துக்குச் சமமாகும் என்பது அவர்கள் கண்ட முடிவு. பிரித்தானியாவின் கார்பன் டிரஸ்ட் போட்ட கணக்கில், 2 மீற்றர் உயரச் செயற்கை மரம் ஒன்றுக்கு 40 கிலோ அளவில் காபன் வெளியேற்றம். உண்மையான மரத்தைத் தூளாக்கினால் 3.5 கிலோ. அதையே குப்பை மேட்டில் புதைத்தால் 16 கிலோ, ஏனென்றால் காற்றில்லாமல் அழுகும்போது மீதேன் வரும். அந்த 3.5க்கும் 16க்கும் இடையில் இருப்பது நீங்களும் நானும் தை மாதத்தில் செய்யும் வேலை மட்டும்தான்.

வீட்டில் ஏற்கனவே பிளாஸ்ரிக் மரம் இருந்தால் அதை எறிந்துவிட்டு உண்மையான மரம் வாங்கச் சொல்லமாட்டேன். அது முறியும்வரை பாவியுங்கள்.

மரத்தில் சின்னக் கறுப்புப் பூச்சிகள் ஊர்கின்றன. மருந்தடிக்கலாமா?
– ஒரு வாசகர், ஸ்காபரோ

வேண்டவே வேண்டாம். மருந்துப் புட்டி பலவும் தீப்பற்றும். அவை பெரும்பாலும் அசுவுணி இனம், வீட்டுக்குள் தாமே செத்துப்போகும், உங்கள் கறிவேப்பிலைக்கும் போகாது. விரலால் நசுக்கினால் துணியில் கறை பிடிக்கும், வக்கூமால் உறிஞ்சுங்கள். கிளையில் வால்நட் அளவில் நுரை காய்ந்தமாதிரி ஒரு மண்ணிற உருண்டை ஒட்டியிருந்தால் அது கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு. அந்தக் கிளையோடு வெட்டி வெளியில் ஒரு செடியில் கட்டிவிடுங்கள். சூட்டில் விட்டால் நூற்றுக்கணக்கில் பொரித்து வரவேற்பறையில் நடக்கும்.

நாங்கள் கொண்டோவில் பதினோராவது மாடியில் இருக்கிறோம். உண்மையான மரம் வைக்கலாமா?
– புதிதாக மணமானவர், நோர்த் யோர்க்

முதலில் கட்டட நிர்வாகத்தைக் கேளுங்கள். தீ ஆபத்தை நினைத்துப் பல கட்டடங்கள் அனுமதிப்பதில்லை. அனுமதித்தால், எந்த லிப்ற்றில் ஏற்றுவது, நத்தார் முடிய எங்கே வைப்பது என்பதையும் அப்போதே கேட்டு வையுங்கள். தனி வீடுகளுக்கு வாசலில் வந்து எடுப்பதுபோல மாடிக் கட்டடங்களுக்கு எல்லா இடத்திலும் நடப்பதில்லை. மூன்றடி நாலடி மரம் உங்களுக்குப் போதும், மேசைமேல் வைத்தால் நிமிர்ந்துதான் பார்க்கவேண்டும்.

அதுவும் முடியாதென்றால் நோஃபோக் ஐலன்ட் பைன் என்று தொட்டியில் விற்கும் செடியை வாங்குங்கள். அது வெப்பநாட்டுச் செடி, வெளியில் வைத்தால் குளிரில் செத்துவிடும், வீட்டுக்குள் வருடக்கணக்காக வளரும். வெளிச்சமும் ஈரக் காற்றும் கொடுங்கள்.

வேரோடு மரம் வாங்கி, நத்தார் முடிய வளவில் நடலாம் என்று நினைக்கிறேன்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பிக்கறிங்

நல்ல எண்ணம் சேர். ஆனால் குழியை இன்றைக்கே வெட்டுங்கள். மார்கழிக் கடைசியில் இந்த மண் கல்லாகிவிடும், மண்வெட்டி இறங்காது. வெட்டி எடுத்த மண்ணைக் கராஜில் உறையாமல் வைத்து, குழியை வைக்கோலாலும் பலகையாலும் மூடிவிடுங்கள். மரம் வீட்டுக்குள் ஒரு கிழமை, மிஞ்சினால் பத்து நாள்தான் நிற்கலாம். அதற்கு மேல் சூட்டில் நின்றால் வசந்தம் வந்துவிட்டதென்று எண்ணி மொட்டு விடத் தொடங்கும், பிறகு வெளியில் போனதும் செத்துவிடும். உள்ளே கொண்டுவரும்போதும் வெளியே கொண்டுபோகும்போதும் சில நாள் கராஜில் நிற்கட்டும். நடும் இடத்தையும் யோசியுங்கள். இன்றைக்கு ஐந்தடியாக நிற்பது உங்கள் பேரப்பிள்ளைகளின் காலத்தில் வீட்டை விட உயர்ந்துவிடும்.

மகளுக்குப் பத்து வயது. ஊர்ச் சதுக்கங்களில் வைக்கும் பெரிய மரங்கள் எங்கிருந்து வருகின்றன என்று உங்களைக் கேட்கச் சொன்னாள்.
– ஒரு தாய், விற்பி

எல்லாவற்றையும் எழுத இடமில்லை, ஒன்றை மட்டும் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. 1917 மார்கழி (டிசம்பர்) 6ஆம் திகதி நோவா ஸ்கோஷியா மாகாணத்து ஹலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய மொண்ட் பிளாங்க் என்ற பிரெஞ்சுக் கப்பலும் இமோ என்ற நோர்வேக் கப்பலும் மோதின. வெடித்ததில் நகரத்தின் ஒரு பகுதியே இல்லாமல் போனது. ஏறத்தாழ 2,000 பேர் இறந்தார்கள். கண்ணாடித் துண்டுகள் பட்டுக் கண்பார்வை இழந்தவர்கள் ஏராளம். செய்தி கேட்ட அன்றிரவே அமெரிக்காவின் பொஸ்ரனிலிருந்து வைத்தியர்களையும் தாதிகளையும் மருந்தையும் ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் புறப்பட்டது. பனிப்புயலுக்குள்ளால் வந்து சேர்ந்தது. அடுத்த வருட நத்தாருக்கு நோவா ஸ்கோஷியா மக்கள் நன்றியாக ஒரு மரம் அனுப்பினார்கள். 1971இல் அந்தப் பழக்கத்தை லூனன்பேர்க் பகுதி மரப் பண்ணைக்காரர் மறுபடி தொடங்கினார்கள், இன்றுவரை ஒவ்வொரு வருடமும் ஒரு பெரிய மரம் பொஸ்ரன் கொமன் திடலுக்குப் போகிறது. அவர்கள் அனுப்புவதற்குப் பண்ணை மரம் போதாது, அவ்வளவு பெரியது. யாரோ ஒருவருடைய நிலத்தில் பல வருடமாக நின்ற மரத்தை அவர் மனமுவந்து கொடுப்பார். பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள்.

நாங்கள் சைவக்காரர். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பார்த்துவிட்டுக் கேட்பதால் மரம் வைக்கிறோம். தைப்பொங்கலுக்கு முதல் வீடு கழுவவேண்டும். மரத்தை எப்போது எடுப்பது? அதையே வெட்டிப் பொங்கல் அடுப்பில் விறகாக வைத்தால் என்ன?
– ஒரு தகப்பன், ஸ்காபரோ

பிள்ளைகளுக்காக வைப்பது நல்ல விஷயம். எங்கள் கத்தோலிக்க வீடுகளில் தை (ஜனவரி) 6ஆம் திகதி மூவிராசாக்கள் திருநாள் வரை மரமும் பாலன் குடிலும் இருக்கும், அதற்குப் பிறகு எடுப்போம். நீங்களும் அந்தக் கணக்கில் எடுத்தால் பொங்கலுக்கு முதல் வீடு கழுவ ஒரு கிழமை கையில் இருக்கும்.

விறகாக மட்டும் வேண்டாம். ஊசியிலும் தண்டிலும் இருப்பது பிசின். வைத்த உடனே வெடித்துச் சீறி ஆளுயரத்துக்கு எரியும், பானைக்கு முன்னால் இருப்பவருக்கு ஆபத்து. வீட்டு நெருப்படுப்பில் எரித்தாலும் புகைக்கூட்டுக்குள் பிசுபிசுப்பான கரி படிந்து பிறகொரு நாள் அதுவே தீப்பிடிக்கும். அதோடு ரொறன்ரோவில் வளவில் திறந்த நெருப்பு மூட்டுவதே தடை. பொங்கலை வழக்கம்போல காஸ் அடுப்பில் பொங்குங்கள். மரத்துக்கு வேறு வேலை இருக்கிறது, அடுத்த பதிலைப் பாருங்கள்.

நத்தார் முடிந்த பிறகு மரத்தை என்ன செய்வது? நகரசபை எடுத்துக்கொண்டுபோய் உண்மையில் என்னதான் செய்கிறது? நாமே வளவில் பாவிக்க வழியுண்டா?
– ஒரு வாசகி, ஸ்காபரோ

ரொறன்ரோவில் தனி வீடுகளுக்கு, தை மாதத்தில் மரம் எடுக்கும் நாட்கள் நகரசபையின் கலண்டரில் இருக்கும். டர்ஹம், யோர்க், பீல் பகுதிகளிலும் தை மாதத்தில் எடுப்பார்கள், திகதிதான் மாறும். எடுத்த மரங்கள் இயந்திரத்தில் தூளாகி மண்ணுக்கு மூடாக்காகவும் கொம்போஸ்ராகவும் போகின்றன. ஆனால் அது நடக்க மரம் நிர்வாணமாக இருக்கவேண்டும். குண்டு, லைற், கொழுக்கி, ஸ்ராண்ட் எல்லாவற்றையும் கழற்றுங்கள். அந்த வெள்ளிச் சரிகை இழைகளை ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும், அது சள்ளை பிடித்த வேலை, அதனால்தான் நான் யாருக்கும் சரிகை வாங்கச் சொல்வதில்லை. வெள்ளைப் பனி தெளித்த மரத்தையும் பல இடங்களில் எடுக்கமாட்டார்கள். மரத்தை வீட்டுக்கு வெளியே கொண்டுவரப் பிளாஸ்ரிக் பையில் போட்டிருந்தால் வாசலில் வைத்ததும் பையைக் கழற்றிவிடுங்கள். ஒரு பிளாஸ்ரிக் பை இயந்திரத்துக்குள் போனால் ஒரு குவியல் மூடாக்கே பழுதாகும். பனி அள்ளும் வண்டி வந்து மூடி உறையவைத்துவிடாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

வேறு இடங்களில் இன்னும் அழகான வேலைகள் செய்கிறார்கள். இங்கிலாந்தில் லங்காஷயர் கரையில், சென் ஆன்ஸ் பக்கம், பழைய நத்தார் மரங்களைக் கடற்கரை மணலில் வரிசையாகப் புதைக்கிறார்கள். காற்றில் வரும் மணல் கிளைகளில் தட்டி நின்று மணற்குன்று வளர்கிறது. நியூ ஓர்லியன்ஸில் மரங்களைக் கட்டுக்கட்டாகக் கட்டி, ஹெலிகொப்ரரில் கொண்டுபோய்ச் சதுப்பு நிலத்தில் போடுகிறார்கள். அலையின் வேகம் குறைந்து, சேறு படிந்து, புல் முளைக்கிறது.

வளவுள்ளவர்களுக்கு நான் சொல்வது, நகரசபைக்கே கொடுக்காதீர்கள். தையில் மரத்தை வேலியோரம் சாய்த்து வையுங்கள். இந்த நாட்டின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சர் கொன்சர்வன்சியும் வருடாவருடம் இதைத்தான் சொல்லிவருகிறது. சிட்டுக்குருவியும் சிக்கடிக் குருவியும் காற்றுக்கும் பூனைக்கும் ஒளிய அந்தக் கிளைகளுக்குள் வரும். அல்லது கிளைகளை வெட்டி றோசாப் பாத்தியின் மேல் பரப்பிவிடுங்கள். பனி உருகுவதும் உறைவதுமாக இருந்தால் மண் தூக்கி வேரைப் பிடுங்கும், கிளை மூடியிருந்தால் அது நடக்காது. ஊசி விழுந்தால் மண் புளித்துப்போகும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படிச் சொல்லத்தக்க மாற்றம் எதுவும் வராது. ஆனால் பச்சைத் தூளை மண்ணோடு கிண்டிக் கலக்காதீர்கள், அது உக்கும்போது செடிக்குரிய நைதரசனை இழுத்துவிடும். மேலே பரப்பினால் போதும்.

தண்டை எறிய வேண்டாம். கிளைகளை வெட்டும்போது ஒவ்வொன்றிலும் ஒரு சாண் மிச்சம் விட்டு வெட்டுங்கள். வைகாசியில் குளிர் முற்றாகப் போனதும், விக்ரோறியா தினம் கழிந்து, அந்தத் தண்டைப் பாத்தி நடுவில் ஒன்றரை அடி ஆழத்துக்கு இறுக்கி நட்டு, சுற்றிவரப் பயற்றை விதையுங்கள், அல்லது ஒரு பக்கத்தில் பாகல் வையுங்கள். கொடி அந்தக் கட்டைகளைப் பிடித்துத் தானாக ஏறும், கயிறு கட்டும் வேலை இல்லை. கடையில் விற்கும் மெல்லிய மூங்கில் ஆவணிக் காற்றுக்குச் சரியும், இது அசையாது. இரண்டு கோடை தாங்கும். அதன் பிறகு அடி உக்கத் தொடங்கும், துண்டு துண்டாக அறுத்துக் கொம்போஸ்ற் குவியலின் அடியில் போட்டுவிடுங்கள்.